களி, மணல், செம்மண்: திருகோணமலைக் கிராம வீதிகளில் நலிந்த மண்ணை உறுதியாக்குவது எப்படி

கிராம வீதி ஒன்றைத் திருத்தப் பணம் வந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி "எத்தனை கியூப் கிறவல் வேணும்?" என்பதுதான். கீழே கிடப்பது என்ன மண் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டிப்பர் அந்தச் சரளை மண்ணைக் கொட்டும், ரோலர் நாலு தரம் ஓடும், ஆடியில் வீதி பார்க்க வடிவாகக் கிடக்கும். கார்த்திகை மழை இறங்கியதும் கிறவல் களிக்குள் புதையும், களி மேலே வரும். மறு வருடமும் அதே கேள்வி, அதே டிப்பர்.

நல்ல கிறவல் குழிகள் வரவரத் தூரமாகின்றன. வெருகலுக்கோ ஈச்சிலம்பற்றின் உள்ளூர்களுக்கோ கிறவல் ஏற்றினால் மண்ணுக்குக் கொடுக்கும் காசைவிட ஓட்டத்துக்குக் கொடுக்கும் காசு கூடிவிடும். அந்த இடத்தில் ஏற்கனவே கிடக்கும் மண்ணையே உறுதியாக்க முடியுமானால் செலவில் பெரும் பகுதி மிச்சம். பிரதேச சபைக்குப் புதிதாக வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் வீதி வேலை எடுத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லா மண்ணுக்கும் சீமெந்து மருந்தல்ல. எந்த மண்ணுக்கு எது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

1. மாரியில் போய்ப் பாருங்கள்

வேலை கோடையில் நடக்கும். ஆனால் வீதியைப் படிக்க வேண்டியது மார்கழி, தை மாதங்களில். எங்கள் பக்கம் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எந்த இடத்தில் தண்ணீர் வீதியைக் குறுக்கறுக்கிறது, எங்கே நாள்கணக்கில் தேங்கி நிற்கிறது, எந்த வாய்க்காலின் தண்ணீர் வழி தெரியாமல் வீதியில் ஏறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

போக முடியாதவர்கள் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரிடம் கேளுங்கள். "தம்பி, தண்ணி இந்த வேலிக்கட்டை மட்டும் வரும், ஆனா மதகு அங்கால இருக்கு" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிடுவார். அந்த வசனத்துக்கு எந்த ஆய்வுகூட அறிக்கையை விடவும் மதிப்பு உண்டு. மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்து மகாவலித் தாழ்நிலங்களில் வீதி என்பது வயல்வெளிக்குக் குறுக்கே கிடக்கும் அணைக்கட்டும்தான். தண்ணீர் கடக்க வழி வைக்காவிட்டால் அது தானே வழியை வெட்டிக்கொள்ளும். ஒரு பெரிய மதகைவிட இடைவெளி விட்டுப் பல சிறிய குழாய்ப் போக்குகள் நல்லது.

வீதியின் நடு உயரம் பக்க வடிகானின் அடியிலிருந்து குறைந்தது 75 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். நடுவிலிருந்து இரு பக்கமும் 5 சதவீதச் சாய்வு, அதாவது 3 மீற்றர் அகல வீதியில் ஓரத்தைவிட நடு ஏழரை சென்ரிமீற்றர் உயரமாக இருக்க வேண்டும். கண்ணுக்குக் கூனல் போலத் தெரியும், மக்கள் முறையிடுவார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். தண்ணீர் நிற்கும் வீதியில் எவ்வளவு சீமெந்து கலந்தாலும் காசுதான் கரையும்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த வாகனம் ஓடுகிறது? சைக்கிளும் முச்சக்கர வண்டியும் மட்டும் ஓடும் ஒழுங்கை வேறு, மணல் டிப்பரும் வெட்டு மெஷின் ஏற்றிய லொறியும் ஓடும் வயல் வீதி வேறு. அச்சுப்பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும்.

2. கையால் மண்ணை அறிதல்

மேல்மண்ணை விட்டுவிடுங்கள். புல்வேரும் கருமையும் மக்கல் மணமும் உள்ள மண் எந்த மருந்துக்கும் கட்டுப்படாது. சீமெந்தும் சுண்ணாம்பும் அதில் சரியாக இறுகுவதில்லை. வயல் ஓரங்களில் 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வழித்து எடுத்துவிட்டுக் கீழ்மண்ணிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். 200 மீற்றருக்கு ஒரு குழி வெட்டுங்கள், மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கூட ஒன்று.

சோதனை ஒன்று, போத்தல். உள்ளே இருப்பது வெளியே தெரியும் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த சில மணித்தியாலத்தில் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாய் நின்று மெல்ல இறங்குவது களி. அளவுகோல் வைத்து மூன்றின் தடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை இரண்டு, நாடா. ஈரமண்ணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேல் முறியாமல் வந்தால் அது கனத்த களி. 2 சென்ரிமீற்றர் வருமுன்னே முறிந்தால் மணல் கூடிய மண். மூதூர், தோப்பூர் பக்கத்து வயல் மண் பல இடங்களில் விரலைச் சுற்றிக்கொண்டே வரும். நிலாவெளி, குச்சவெளி கரையோர மண்ணில் நாடா என்ற பேச்சே இல்லை.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை, கட்டாயம் செய்யுங்கள். காய்ந்த மண் கட்டியில் பட்டாணி அளவு எடுத்து, கண்ணாடிக் குவளையில் அசையாத நல்ல தண்ணீருக்குள் மெல்ல விடுங்கள். மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டி உடைந்து விழுந்தால் பரவாயில்லை. ஆனால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கல் பரவினால் அது தண்ணீரில் கரைந்து ஓடும் மண். களப்பு ஓரங்களிலும் உவர் நிலங்களிலும் இதை எதிர்பார்க்கலாம். இந்த மண்ணால் கட்டிய வீதிக்கரை முதல் மாரியிலேயே குகை குகையாக அரிக்கும். ஒன்றிரண்டு சதவீதம் சுண்ணாம்பு கலந்தாலே இந்தக் குணம் பெரிதும் அடங்கிவிடும்.

ஆய்வுகூட வசதி இருந்தால் மூன்று இலக்கங்களைக் கேட்டு வாங்குங்கள்: சல்லடைப் பகுப்பு (எந்த அளவு மணி எத்தனை பங்கு என்பது), இளகுதன்மைச் சுட்டெண், நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த சிபிஆர். சிபிஆர் என்பது மண் பாரத்தைத் தாங்கும் வலுவைக் காட்டும் இலக்கம். இளகுதன்மைச் சுட்டெண் என்பது மண் எவ்வளவு தண்ணீர் குடித்தால் குழம்பாகிறது, எவ்வளவில் உதிர்கிறது என்ற இரண்டு எல்லைகளுக்கும் இடையிலான வித்தியாசம். எண் கூடினால் களித்தன்மை கூட. ஊறவைக்காத சிபிஆரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காய்ந்த களி கல்லுப்போல் நிற்கும், நல்ல இலக்கமும் காட்டும்.

3. கூம்புக் கம்பிச் சோதனை

ஆங்கிலத்தில் டிசிபி என்று சொல்லும் கருவி ஒன்று உண்டு. 8 கிலோகிராம் சுத்தியல், 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழும், கீழே கூம்பு முனைக் கம்பி. இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு எந்தக் காட்டுக்குள்ளும் போகலாம், ஆய்வுகூடத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. ஒரு அடிக்குக் கம்பி எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். பரவலாகப் பயன்படும் சமன்பாட்டின்படி அடிக்கு 10 மில்லிமீற்றர் இறங்கினால் சிபிஆர் ஏறக்குறைய 26, 30 என்றால் 8, 50 என்றால் 5, 100 என்றால் 2.

சிபிஆர் 2, 3 என்று வந்த இடத்தில் மேலே எதைக் கலந்தும் பயனில்லை. முதலில் நல்ல மண்ணால் உயர்த்த வேண்டும், அல்லது அந்தச் சேற்றை வெட்டி எடுக்க வேண்டும், அல்லது புவிநெய்த துணி (மண்ணுக்கு அடியில் போடும் செயற்கை இழைத் துணி) விரித்து அதன் மேல் மண் போட வேண்டும். துணி கிடைக்காத காலத்தில் பனங்குற்றிகளை அடுக்கி மேலே மண் போட்டார்கள். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் இடத்தில் குற்றி நெடுநாள் உக்காமல் கிடக்கும், ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும் இடத்தில் விரைவில் உக்கிப்போகும். இன்றைக்கும் அவசரத்துக்கு அது தவறில்லை.

4. எந்த மண்ணுக்கு எது

கரையோர மணல். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரைக்கும் உள்ள உள்வீதிகளில் சிக்கல் நேர்மாறானது. மணல் ஈரமாக இருக்கும்போது நிற்கும், காய்ந்தால் சில்லு புதையும். ஒரே அளவு மணிகளாக இருப்பதால் ஒன்றோடொன்று கொளுவுவதில்லை. நேரே சீமெந்து கலந்தால் 7 சதவீதத்துக்கு மேல் கேட்கும், கைக்குக் கட்டாது. நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் களி கலந்த செம்மண்ணையோ கிறவலையோ முதலில் கலந்து பாருங்கள். இடைவெளிகளை நுண்மண் நிரப்பிவிட்டால் பல ஒழுங்கைகளுக்கு அதுவே போதும். கலவையின் இளகுதன்மைச் சுட்டெண் 6க்கும் 15க்கும் இடையில் வரவேண்டும். பாரம் கூடிய வீதி என்றால் அதன் மேல் 3, 4 சதவீதம் சீமெந்து. கடற்கரை மணலை அள்ளிக் கலக்கலாமா என்று கேட்பார்கள். அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம், உப்பும் சேர்ந்து வரும்.

செம்மண். கந்தளாய், பன்குளம், மொறவெவ, கோமரங்கடவல மேட்டுநிலங்களில் கிடக்கும் செம்பழுப்பு மண் இந்த மாவட்டத்தில் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். காய்ந்தால் இரும்பு, நனைந்தால் சவர்க்காரம். இதில் மணலும் சிறு கல்லும் களியும் ஓரளவு கலந்தே இருப்பதால் சீமெந்து நன்றாகப் பிடிக்கும், 3 முதல் 5 சதவீதம். சீனக்குடாப் பக்கத்திலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருப்பதால் ஏற்றுக்கூலியும் பெரிதில்லை. ஆனாலும் முதலில் சீமெந்தே இல்லாமல், சரியான ஈரத்தில் சரியாக இறுக்கி, ஊறவைத்துச் சோதித்துப் பாருங்கள். வெறும் இறுக்கத்திலேயே தேவையான இலக்கம் வந்துவிடும் செம்மண்ணும் உண்டு. ரோலரும் தண்ணீர் பவுசரும் ஒழுங்காக ஓடாத குறையைச் சீமெந்துப் பையால் மறைக்கப் பார்ப்பதுதான் நான் காணும் மிகப் பெரிய வீண்செலவு.

வயல் களி. இங்கேதான் சுண்ணாம்பு. இளகுதன்மைச் சுட்டெண் 20ஐத் தாண்டிய களிக்குள் சீமெந்து நுழையவே மாட்டாது. கட்டி கட்டியாக நிற்கும், வெளியே சாம்பல் பூசி உள்ளே பச்சைக் களியாக இருக்கும். சுண்ணாம்பு போட்டால் களியின் குணமே மாறும். ஒட்டும் மண் சில மணித்தியாலத்தில் உதிரும் மண்ணாகிவிடும், அதன் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகும். பொதுவாக 3 முதல் 8 சதவீதம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி: சலித்த காய்ந்த களி 25 கிராம் வீதம் ஐந்து போத்தல்களில் போட்டு, 2, 3, 4, 5, 6 சதவீதம் சுண்ணாம்பு சேருங்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர். ஒரு மணித்தியாலம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள். பிறகு காரத்தன்மையை அளக்கும் பிஎச் மானியை விட்டுப் பாருங்கள். 12.4ஐத் தொடும் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் மண்ணின் ஆரம்பத் தேவை. நிலத்தில் போடும்போது அதைவிட ஒரு சதவீதம் கூட்டிப் போடுவது வழக்கம், காற்றிலும் கலவையிலும் கொஞ்சம் வீணாகும்.

சுண்ணாம்பு வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. தோட்டத்துக்குப் போடும் டொலமைட் தூள் வெறும் அரைத்த கல். மண்ணின் புளிப்பைக் குறைக்கும், களியை இறுக்காது. மலிவு என்று யாராவது அதை ஏற்றி வந்தால் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது, சுட்டு நீற்றிய சுண்ணாம்பாக இருந்தாலும் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பை காற்றைக் குடித்துப் பழையபடி கல்லாகியிருக்கும். வாங்கும் கடையிலேயே ஒரு பையைத் திறந்து பிஎச் சோதனை செய்து பாருங்கள்.

களியும் மணலும் அருகருகே கிடக்கும் இடங்களில் இரண்டையும் கலப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. மகாவலி ஓரக் கிராமங்களில் இது கைகூடும். களி ஒன்றுக்கு மணல் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கலவை செய்து ஊறவைத்துச் சோதியுங்கள்.

உமிச்சாம்பல் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் அரிசி ஆலை இருக்கும்வரை சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அதில் சிலிக்கா நிறைய உண்டு, சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும், தனியாக இறுகாது. வெளிர்சாம்பல் நிறத்தில் நன்றாக எரிந்ததைத்தான் எடுக்க வேண்டும், கரிக்கட்டியாய்க் கறுத்துக் கிடப்பது உதவாது. சுண்ணாம்பில் ஒரு பகுதியைக் குறைத்துச் சாம்பலைச் சேர்த்துச் சிறு பரிசோதனைத் துண்டு போட்டுப் பாருங்கள். போத்தலில் வந்து "ஒரு லீற்றர் ஊற்றினால் ஒரு கிலோமீற்றர் கல்லாகும்" என்று விற்கும் திரவங்களுக்கும் இதே விதிதான்: 50 மீற்றர் துண்டு, ஒரு முழு மாரி, அதற்குப் பிறகு பேச்சு.

5. நூறு மீற்றர் போடும் நாள்

செம்மண்ணில் சீமெந்து போடும் வேலையை எடுத்துக்கொள்வோம். 3 மீற்றர் அகலம், 100 மீற்றர் நீளம், இறுக்கிய பின் 15 சென்ரிமீற்றர் தடிப்பு. இது 45 கனமீற்றர். காய்ந்த அடர்த்தி கனமீற்றருக்கு 1.8 தொன் என்றால் 81 தொன் மண். 4 சதவீதம் என்றால் 3,240 கிலோகிராம் சீமெந்து, 50 கிலோ பையில் 65. ஒரு பைக்கு 4.6 சதுர மீற்றர். ஆகவே 3 மீற்றர் அகலத்தில் ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கோடு கீறி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பை வைத்துவிடுங்கள். பை எல்லாம் வரிசையாக வைத்த பிறகே வெட்ட வேண்டும். எண்ணிக்கை சரியா என்று ஊரில் யாரும் வந்து எண்ணிப் பார்க்கலாம், அதனால் இன்னொரு நன்மையும் உண்டு.

தண்ணீரும் அப்படியே. மண் நன்றாக இறுக 12 சதவீத ஈரம் வேண்டும், இப்போது 6 இருக்கிறது என்றால் இன்னும் 6 சதவீதம், அதாவது சுமார் 4,900 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஒன்று கணக்கில் போதும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஒன்றரை வேண்டும், ஊற்றுவதில் நல்ல பங்கைக் காற்றே குடித்துவிடும். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும், களப்புத் தண்ணீர் வேண்டாம்.

முதல் நாளே மண்ணைக் கிளறி, கல், வேர் பொறுக்கி, உழவு இயந்திரத்தின் ரொட்டவேட்டரால் தூளாக்கி வைத்துவிடுங்கள். மறுநாள் காலை, காற்று எழுமுன் சீமெந்தைப் பரவி, காய்ந்த நிலையில் இரண்டு தரம் கலந்து, பிறகு தண்ணீர் தெளித்து நிறம் ஒரே மாதிரி வரும் வரை கலக்க வேண்டும். குறுக்கே மண்வெட்டியால் ஒரு கீற்று வெட்டிப் பாருங்கள். கோடு கோடாய் நிறம் தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும். ரொட்டவேட்டர் 15 சென்ரிமீற்றர் ஆழம் போகிறதா என்பதையும் அந்தக் கீற்றிலேயே அளந்துவிடலாம்.

ஈரத்தைக் கையால் அறிய: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விரலை விரியுங்கள். உருண்டை குலையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாய்ச் சிதறினால் பவுசரைக் கூப்பிடுங்கள். சப்பென்று அப்பிக்கொண்டால் தண்ணீர் கூடிவிட்டது, சற்றுக் கிளறி ஆறவிட வேண்டும்.

தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம்தான் உங்களுக்கு. அதற்குள் மட்டம் செய்து இறுக்கி முடித்துவிட வேண்டும். அதனால்தான் புதியவர்கள் ஒரு தடவைக்கு 50 மீற்றருக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பேன். ரோலர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரவேண்டும், 8, 10 தொன் ரோலர் என்றால் எட்டுத் தரமாவது. ரோலர் ஓட்டுநர் அனுபவசாலியாக இருந்தால் மண் எப்போது "நின்றுவிட்டது" என்று அவரே சொல்வார்.

இறுக்கிய பிறகு எங்காவது பள்ளம் தெரிந்தால் மேலே ஒரு பிடி மண் தூவி ரோலர் விடும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அந்த மெல்லிய தோல் சில வாரத்தில் தகடு தகடாய் எழும்பிவிடும். முதலிலேயே சற்று உயரமாகப் பரவி, மேட்டைச் செதுக்கி எடுங்கள். பள்ளத்தை நிரப்பாதீர்கள்.

ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாக்கு போட்டோ 5 சென்ரிமீற்றர் மணல் பரவியோ காலையும் மாலையும் நனையுங்கள். இந்த ஏழு நாளும் வாகனம் கூடாது. சிறுபோக வெட்டு நேரத்தில் இதை வைத்துக்கொண்டால் வெட்டு மெஷின்காரரோடு சண்டைதான் மிஞ்சும். கமக்காரர் அமைப்போடு பேசி வெட்டுக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

சுண்ணாம்பு போடும் நாளில் வேறுபாடு இரண்டு. கலந்து, ஈரமாக்கி, மெல்ல ஒருதரம் ரோலர் விட்டு மூடி, ஒன்று முதல் மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு மறுபடி கிளறித் தூளாக்கி இறுக்க வேண்டும். இரண்டாவது, கண். காற்றில் சுண்ணாம்பு பரவக் கூடாது. வேலையாட்களுக்குக் கண்ணாடி, கையுறை, சப்பாத்து கட்டாயம். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்கு. வேலை இடத்தில் குடிதண்ணீர்க் கான் தனியாகவும் கழுவுகிற தண்ணீர்க் கான் தனியாகவும் இருக்கட்டும்.

6. மேலே என்ன போடுவது

சீமெந்து கலந்த மண் கொங்கிறீட் அல்ல. வெறுமனே விட்டால் சில்லுத் தேய்ப்பில் தூளாகிப் பறக்கும், மழையில் அரிக்கும். 10 முதல் 15 சென்ரிமீற்றர் நல்ல கிறவல் அல்லது தாரும் சல்லியும் இரண்டு தரம் பரவும் மேற்பூச்சு மேலே வேண்டும். அடியில் உறுதியான தளம் இருப்பதால் கிறவல் புதையாது. முன்பு வருடா வருடம் கொட்டியதில் ஒரு பங்குதான் இனித் தேவைப்படும்.

கிறவலோ மணலோ வெட்டுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியது. ஏற்றிச் செல்லவும் தனி அனுமதி. போர் நடந்த பகுதிகளில் புதிதாகக் குழி வெட்டுமுன் அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் குழியின் கரைகளைச் சரித்து விடுங்கள். செங்குத்தான குழியில் மாரித்தண்ணீர் நிறைந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து.

7. முதல் மாரி

முதல் கனமழையின்போது குடையோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் வடிகானுக்குள் இறங்குகிறதா, ஓரத்துப் புல் மேடு தடுத்து நிறுத்துகிறதா என்று பார்க்க வேறு நாள் கிடையாது. புல் மேட்டைச் செதுக்க ஒரு மண்வெட்டி போதும், அதைச் செய்யாமல் விட்டுத்தான் பாதி வீதிகள் கெடுகின்றன.

குழி விழுந்தால் கையகலம் இருக்கும்போதே கவனியுங்கள். சதுரமாக வெட்டி, தளர்ந்ததை எடுத்துவிட்டு, பக்கங்களை நனைத்து, முதலில் போட்ட அதே கலவையால் சீமெந்தைச் சற்றுக் கூட்டி நிரப்பி, கைத்திமிசால் மூன்று அடுக்காக இடியுங்கள். பக்கத்து வளவு மண்ணை அள்ளிப் போட்டு மூடினால் அந்த இடம்தான் அடுத்த மழையில் முதலில் இளகும்.